மூட்டையைப் பிரிக்க உனக்கு ஏது உரிமை?

செல்போனில் வீடியோ பார்ப்பதும் ஒரு பிரச்னையா, அதற்கும் ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கக்கூடும். கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது, காண்ட்ராக்ட் முறை இருக்கிறது, வீட்டுமனைப் பட்டா இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டுப் படம் பார்க்கும் கதையை எழுத வந்துவிட்டார்களே என்று முகம் சுளிக்கக்கூடும்.

பதில் சொல்கிறோம். உழைப்பாளியின் சட்டைப் பையிலிருந்து மாதந்தோறும் காசு எடுக்கும் எந்த விஷயமும் உழைப்பாளியின் பிரச்னைதான். அவன் பிள்ளையின் படிப்பைத் தொடும் எந்த விஷயமும் அவன் பிரச்னைதான். அவன் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு கம்பெனி விதி போடத் துணியுமானால், அதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

பார்க்கிறவர்கள் யார்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் உருவாயிற்று. அன்று அங்கே வேலைக்கு வந்தவர் ஊருக்குச் சேதி சொல்லத் தபால் கார்டு எழுதினார். இன்று அதே பேட்டையில் லேத்திலும் பிரஸ்ஸிலும் நிற்கும் ஒடிஸாக்காரரும் பீஹார்க்காரரும், இரவு ஷிப்ட் முடிந்ததும் செல்போன் வீடியோவில்தான் பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆவடியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்தச் சின்னக் கண்ணாடித் திரைதான் சினிமாக் கொட்டகை, அதுதான் பத்திரிகை, அதுதான் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார். பூந்தமல்லிக்கு மேற்கே வயலிலும் பூந்தோட்டத்திலும் கூலி வேலை செய்கிறவர்கள் மழை நிலவரத்தைப் பார்ப்பதும் அதிலேதான். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கம்பெனி பஸ்களில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய், உலகத்துக்கெல்லாம் ஸ்மார்ட்போன் பூட்டித் தரும் பெண்கள் இருக்கிறார்களே, அவர்களும் அறைக்குத் திரும்பியதும் "இன்றைக்கு இன்னும் எவ்வளவு டேட்டா மிச்சம்?" என்று எண்ணிப் பார்த்துத்தான் வீட்டுக்கு வீடியோ போடுகிறார்கள். போனைச் செய்கிறவர்களுக்கே போன் பேச ரேஷன்!

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. ஒன்றரை வருஷத்துக்கு மேல் எத்தனையோ குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் செல்போனுக்குள்தான் இருந்தது. அப்பன் வேலையிலிருந்து வந்தால்தான் போன் கிடைக்கும். போன் கிடைத்தால் டேட்டா தீர்ந்திருக்கும். இதை அனுபவித்த தாய்மார்களிடம் போய், வீடியோ என்பது வெட்டிப்பொழுது என்று சொல்லிப் பாருங்கள்!

கேரள ஹைக்கோர்ட் 2019 செப்டம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஹாஸ்டலில் செல்போனுக்குப் போட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. இன்டர்நெட்டைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று கோர்ட் கூறிற்று. வெட்டிப்பொழுது என்று கோர்ட்டும் நினைக்கவில்லை.

சுங்கச்சாவடி நியாயம்

நம் பகுதி ஜனங்களுக்குச் சுங்கச்சாவடியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. வானகரத்திலும் சூரப்பட்டிலும் நிற்கிற சாவடிகளைப் பற்றி நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் அந்தச் சாவடிக்காரன்கூட ஒரு காரியம் செய்வதில்லை. லாரிக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று வாங்குகிறான். லாரியில் ஏறி மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "அரிசி மூட்டைக்கு ஒரு கட்டணம், வெங்காய மூட்டைக்கு வேறு கட்டணம்; என் மச்சான் கடைக்குப் போகிற சரக்கு என்றால் சும்மா போகலாம்; எதிர்க்கடைச் சரக்கு என்றால் ஓரமாக நில்" என்று அவன் சொன்னால் நாம் விடுவோமா?

செல்போன் கம்பெனிகள் செய்ய நினைத்தது இதைத்தான். டேட்டா என்பது பாதை. அதற்கு நாம் காசு கொடுத்து விட்டோம். அந்தப் பாதையில் சினிமா போகிறதா, பாடம் போகிறதா, அம்மாவின் முகம் போகிறதா என்பது நம் விஷயம். இந்த நியாயத்துக்குப் படித்தவர்கள் 'நெட் நியூட்ராலிட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் 'பாதை எல்லோருக்கும் பொது' என்று சொன்னால் போதும்.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 2012-ல் ஏ.டி. அண்டு டி. கம்பெனி, ஆப்பிள் போனிலிருந்த ஃபேஸ்டைம் என்னும் வீடியோ பேச்சு வசதியைத் தன் பாதையில் எல்லோருக்கும் விடவில்லை. புதிய திட்டத்துக்கு மாறியவர்களுக்கு மட்டும் உண்டு என்றது. கண்டனம் கிளம்பிய பிறகு படிப்படியாக இறங்கி வந்தது. 2017 ஆகஸ்டில் வெரைசான் கம்பெனி 'அளவில்லாத டேட்டா' என்று விற்ற மலிவான திட்டத்தில், போனில் பார்க்கும் வீடியோவின் தெளிவைக் குறைத்து வைத்தது. தெளிவாகப் பார்க்க வேண்டுமா, கூடக் கொடு என்றது. அங்கே இதைத் தடுக்கும் பொது விதி 2015-ல் வந்தது. 2017 டிசம்பரில் எடுக்கப்பட்டது. 2024-ல் மறுபடி வந்தது. 2025 ஜனவரி 2-ந் தேதி அப்பீல் கோர்ட் அதை அடித்துவிட்டது. ஆக, ஒரு தடவை கிடைத்த விதி என்றைக்கும் நிற்கும் என்று யாரும் தூங்கிவிட முடியாது.

லட்சம் லட்சமாக எழுதினார்கள்

நம் நாட்டில் இந்தச் சண்டை 2014 டிசம்பரில் மூண்டது. ஸ்கைப், வைபர் போன்றவற்றில் இன்டர்நெட் வழியாகப் பேசினால் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் கம்பெனி அறிவித்தது. டேட்டாவுக்கு ஒரு தடவை காசு, அதே டேட்டாவில் பேசுவதற்கு இன்னொரு தடவை காசு! எதிர்ப்புக் கிளம்பிற்று, சில நாளில் கம்பெனி பின்வாங்கியது.

2015 மார்ச் 27-ந் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஏர்டெல் 'ஜீரோ' என்னும் திட்டத்தை அறிவித்தது. பணம் கட்டும் வியாபாரியின் ஆப்பைத் திறந்தால் நமக்கு டேட்டாச் செலவு இல்லை; பணம் கட்டாதவனுடையதைத் திறந்தால் செலவு உண்டு. மச்சான் கடைச் சரக்கு சும்மா போகும் என்பது இதுதானே! வாலிபர்கள் ஊர் ஊராக இதை எடுத்துச் சொன்னார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் டிராய்க்குப் போய்க் குவிந்தன. சேருவதாக இருந்த பிளிப்கார்ட் கம்பெனி ஏப்ரல் 14-ந் தேதி விலகிக்கொண்டது.

அதே 2015-ல் இன்னொரு தானதர்மவான் வந்தார். ஃபேஸ்புக் முதலாளியின் 'இன்டர்நெட் டாட் ஆர்க்' என்னும் திட்டம் பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலம் சில மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. பிறகு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறிற்று. ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள்! தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. இந்த மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் என்ன தெரிந்தது? ஃபேஸ்புக் வகுத்த நிபந்தனைக்கு உட்பட்ட சில இடங்கள் மட்டுமே இலவசம். வீடியோவுக்கு அதில் இடமில்லை. பணக்காரனுக்கு முழு உலகம், ஏழைக்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலும் எந்தப் பக்கம் திறக்கலாம் என்பது முதலாளியின் இஷ்டம்!

2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் விதி போட்டது. என்ன பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு கட்டணம் வாங்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். சில நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. 2018-ல் மத்திய சர்க்கார் இன்னும் ஒரு படி சென்று, இன்டர்நெட்டில் எதையும் தடுப்பதோ, மெதுவாக்குவதோ, முன்னுரிமை கொடுப்பதோ கூடாது என்பதைக் கம்பெனிகளின் லைசென்ஸ் நிபந்தனையிலேயே சேர்த்தது.

இந்த வெற்றி யார் கொடுத்த வரம்? சாதாரண ஜனங்கள் எழுதிக் குவித்த கடிதங்கள்தான் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த கம்பெனியைத் திருப்பி அனுப்பின.

நியாயமான கட்டுப்பாடு இல்லையா?

உண்டு. கூட்டம் நெரிந்தால் வரிசை வைக்கத்தான் வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைபட்டபோது, நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று கேட்டதன் பேரில், வீடியோ கம்பெனிகள் செல்போனில் படத்தின் தெளிவைக் கொஞ்ச நாளைக்குக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. காசு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் அப்போது ஒரே தெளிவுதான் இருந்தது. அவசர காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கும் வரிசையை நாம் எதிர்க்கவில்லை. வரிசையில் நிற்கிறவனின் முகத்தையும் பணப்பையையும் பார்த்து இடம் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம். 2020 ஜூலையில், கூடுதல் பணம் கட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை வேகம் என்று ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் விற்ற திட்டங்களில் டிராய் தலையிட்டது. முன்னால் போகிறவன் ஒருவன் என்றால் பின்னால் தள்ளப்படுகிறவன் யார் என்ற கேள்வி அன்று எழுந்தது. அந்தக் கேள்வி நம்முடையது. பின்னால் தள்ளப்படுகிறவன் எப்போதும் நாம்தானே!

கதவைத் தட்டிக்கொண்டேயிருக்கிறார்கள்

கம்பெனிகள் சும்மா இருந்துவிடவில்லை. 2023-ல் அவர்களுடைய சங்கம், யூடியூப் போன்ற பெரிய வீடியோ கம்பெனிகள் தங்களுக்குப் பாதைச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. "எங்கள் பாதையில் அவர்கள் லாரி ஓட்டிச் சம்பாதிக்கிறார்கள்" என்பது வாதம்.

அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க நமக்கு ஆசையில்லை. ஃப்ரீ பேசிக்ஸ் விஷயத்தில் அவர்களில் ஒருவரின் லட்சணத்தைப் பார்த்தோம். ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த லாரியை வரச் சொன்னது யார்? நாம். பாதைக் காசை முன்கூட்டியே ரீசார்ஜில் கட்டியது யார்? நாம். ஒரே லாரிக்கு அனுப்புகிறவனிடமும் வாங்குவேன், பெறுகிறவனிடமும் வாங்குவேன் என்றால், அனுப்புகிறவன் தன் கைக்காசையா கொடுப்பான்? சந்தாவை உயர்த்துவான், இல்லையென்றால் சரக்கின் தரத்தைக் குறைப்பான். பெரிய கம்பெனி எப்படியாவது கட்டிவிடும். நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்குப் பாடம் எடுத்துப் போடும் ஒரு வாத்தியாரோ, ஒரு சின்னப் பத்திரிகையோ கட்ட முடியுமா?

இது வெறும் பயமல்ல. தென் கொரியாவில் பாதைக் கட்டணம் மிக அதிகம் என்று காரணம் காட்டி, ட்விட்ச் என்னும் வீடியோ கம்பெனி 2022-ல் அந்த நாட்டில் மட்டும் படத்தின் தெளிவைக் குறைத்தது. 2024 பிப்ரவரி 27-ந் தேதி அங்கே கடையையே மூடிவிட்டது. இரண்டு யானைகள் சண்டை போட்டன, நசுங்கியது புல்.

விலை என்னும் பூட்டு

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். மூட்டையைப் பிரிக்காதே என்று விதி இருக்கிறது. ஆனால் பாதைக்கு வரவே முடியாதபடி கட்டணத்தை ஏற்றினால்? அதுவும் தடைதான்.

2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ரூபாய் ஆயிற்று. ஒரு தடவைக்கு 60 ரூபாய் கூடுதல். மாதம் என்பது இவர்கள் பஞ்சாங்கத்தில் 28 நாள்; ஆகவே வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை ரீசார்ஜ். ஒரு போனுக்கு வருஷத்துக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டில் மூன்று போன் என்றால் 2,340 ரூபாய். முதலாளியிடம் இந்தத் தொகையைக் கூலி உயர்வாகக் கேட்டால் எத்தனை நாள் வாயிற்கூட்டம் போட வேண்டியிருக்கும் என்று தொழிலாளிக்குத் தெரியும். இவர்கள் ஒரே அறிவிப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

அதே சமயம், அளவில்லாத 5ஜி என்பது தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டக்காரர்களுக்கு மட்டும் என்று ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பு வைத்தன. சின்ன ரீசார்ஜ்காரனுக்கு அன்றாட அளவு தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். சாதாரணத் தெளிவுள்ள வீடியோவுக்குத் தேவையானதில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பேப்பரில் 'இன்டர்நெட் உண்டு'. கையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

இவ்வளவு தைரியம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? போட்டி ஒழிந்ததிலிருந்து வந்தது. 2016 செப்டம்பர் 5-ந் தேதி ஜியோ இலவசமாகக் கடை திறந்தது. இலவசத்தைத் தாங்காமல் மற்றவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவாலாயிற்று. கையிலிருந்த நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாக அலைந்ததை மறந்துவிட முடியுமா? அதே வருஷம் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. மிஞ்சியவை தனியார் கம்பெனி மூன்று, சர்க்கார் கம்பெனி ஒன்று. 2019 டிசம்பரிலும், 2021 கடைசியிலும், 2024 ஜூலையிலும் கட்டணம் ஏறியது. அன்றைய இலவசத்தின் வட்டி இது.

அந்தச் சர்க்கார் கம்பெனியின் கதை என்ன? 1955 ஜனவரியில் நம் ஆவடியிலேதான் காங்கிரஸ் மகாசபை கூடி, 'சோஷலிஸ பாணி சமுதாயம்' அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அன்று டெலிபோன் சர்க்காரின் இலாகா. பிற்பாடு அது பி.எஸ்.என்.எல். ஆயிற்று. தனியார் 2012-லேயே 4ஜி விற்கத் தொடங்கிய நாட்டில், பி.எஸ்.என்.எல்.லுக்கு நாடு தழுவிய 4ஜி 2025 செப்டம்பர் 27-ந் தேதிதான் தொடங்கி வைக்கப்பட்டது. இடையில், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் அதிகமான ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்தில் விட்டால் குதிரை எப்படி ஜெயிக்கும்? பி.எஸ்.என்.எல். ஒழுங்காக ஓடும் ஊரில் தனியார் நினைத்தபடி விலை வைக்க முடியாது. ஆகவே அதைப் பலப்படுத்து என்று கேட்பது அங்குள்ள ஊழியர்களின் கோரிக்கை மட்டுமல்ல. ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொருவரின் கோரிக்கை. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2023 ஜூனில் கே-ஃபோன் என்னும் பொது இன்டர்நெட்டைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற கொள்கையை வகுத்தது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு.

நாம் கேட்பது

பாதை எல்லோருக்கும் பொது என்ற 2016-ம் வருஷ விதியில் ஒரு எழுத்தையும் தளர்த்தக் கூடாது. வீடியோ கம்பெனிகளிடம் பங்கு வாங்குகிறோம் என்ற பெயரில் நம் தலையில் இரண்டாவது சுங்கம் விழக் கூடாது. அன்றாட அளவு தீர்ந்த பிறகும், பாடம் கேட்கவும் வீட்டாரிடம் முகம் பார்த்துப் பேசவும் போதுமான ஒரு குறைந்தபட்ச வேகத்தை டிராய் நிர்ணயிக்க வேண்டும். 28 நாள் மாதத்துக்கு முடிவு கட்ட வேண்டும். பி.எஸ்.என்.எல். கோபுரங்களும் ஊழியர்களும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியின் புதுக் குடியிருப்புகளுக்கும் அப்பாலுள்ள கிராமங்களுக்கும் போதுமானபடி வேண்டும்.

இதற்கு நாமே செய்யக்கூடியதும் உண்டு. ரீசார்ஜ் செய்யும்போது திட்டத்தின் நிபந்தனையைப் படித்தவர்களை விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். டேட்டாவே வேண்டாத வயதானவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள தனித் திட்டம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. கடைக்காரர் காட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அளவு மிச்சமிருந்தும் வீடியோ மட்டும் நிற்கிறதா? 198 என்ற எண்ணுக்குப் புகார் கொடுத்து, புகார் நம்பரைக் குறித்து வையுங்கள். ஒருவர் புகார் கொடுத்தால் அது குறை. ஒரு ஷெட் முழுவதும் கொடுத்தால் அது கோரிக்கை. டிராய் அடுத்த தடவை ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும்போது, தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் பெயரில் தமிழிலேயே எழுதட்டும். 2015-ல் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆபீஸ்களிலும் காலேஜ்களிலும் இருந்தவர்கள். இந்தத் தடவை லேத்தடியிலிருந்தும் வரப்பிலிருந்தும் கடிதம் போக வேண்டும்.

பாதைக்குக் காசு கொடுத்தாயிற்று. மூட்டையில் கை வைக்காதே என்று சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கிறது. சொல்வோம், ஒன்றாகச் சேர்ந்து சொல்வோம்!